கோவெண்டர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? டர்பன் குடும்பத்தின் பூர்வீக ஊரை எப்படித் தேடுவது?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவரோடு வேலை பார்க்கும் தோழி தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துக்காரர், குடும்பப் பெயர் கோவெண்டர். கொள்ளுத்தாத்தாவின் அப்பா 1880களில் கூலியாக நட்டாலுக்கு (டர்பன் இருக்கும் பகுதி, அப்போது ஆங்கிலேயர் காலனி) கப்பல் ஏறினார் என்பதுதான் வீட்டில் சொல்லும் கதை. கையில் இருப்பது ஒரு பழைய மரண அறிவிப்பின் நகல் மட்டும். அதில் பிறந்த ஊர் ‘ட்ரினோமலி’ என்று இருக்கிறது. இங்கே ஒருவர், “கோவெண்டர் என்றால் கவுண்டர்தான், அப்படியென்றால் நம்ம கோயம்புத்தூர்ப் பக்கம்தான்” என்று சொல்லிவிட்டாராம். தோழி அடுத்த முறை வரும்போது ஈரோட்டுப் பக்கம் போய்த் தேடலாமா என்பது கேள்வி.

ஈரோட்டுக்குப் போக வேண்டாம். கோவெண்டர் என்பது கவுண்டர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கவுண்டருக்கும் கொங்கு நாட்டுக்கும் இந்தக் குடும்பத்தில் தொடர்பு இருக்க வாய்ப்பு குறைவு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் கப்பலிலேயே வந்திருக்காது. பெரும்பாலும் நட்டாலில் இறங்கிப் பல வருஷம் கழித்துத்தான் அந்தக் குடும்பத்தோடு ஒட்டியிருக்கும். ஆகவே பெயரைப் பிடித்துக்கொண்டு ஊரைத் தேடினால் வழி தப்பும். பிடிக்க வேண்டியது ஒரு எண்ணை.

நான் ஆரணிப் பக்கத்துக்காரன். நில அளவை வேலையில் இருந்தவன். எங்கள் வட்டாரத்தைத் தேடிக்கொண்டு வந்த நான்கைந்து டர்பன் குடும்பங்களோடு ஊர் ஊராக அலைந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற முதல் கூலிக் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனில் வந்து நின்றது. கடைசிக் கப்பல் 1911இல். இடையில் 1866 முதல் 1874 வரை ஆள் அனுப்புவது நின்றிருந்தது. மொத்தம் வந்தவர்கள் 1,52,184 பேர், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை மாகாணத்தவர். மீதிப் பேர் கல்கத்தா வழியாக வந்தவர்கள். ஒப்பந்தம் 5 வருஷம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் கூலி, அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். கரும்புத் தோட்டம்தான் பெரும்பாலும். பின்னாளில் ரயில்வே, நிலக்கரிச் சுரங்கம் என்றும் போனார்கள்.

இவ்வளவு துல்லியமாக 1,52,184 என்று எப்படிச் சொல்ல முடிகிறது என்றால், இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தார்கள். ஒன்றில் தொடங்கி அந்தத் தொகையில் முடிகிறது. கைக்குழந்தைக்கும் எண் உண்டு. சம்பளம், சீட்டு, கல்யாணப் பதிவு, வழக்கு, மரணம் என்று எல்லாக் காகிதத்திலும் அந்த எண் தொடர்ந்து வரும். பெயரை எழுத்தர் எப்படிக் கடித்துத் துப்பியிருந்தாலும் எண் மாறாது. எண்ணை வைத்தே காலத்தையும் மதிப்பிடலாம். 1866க்குள் வந்தவர்கள் ஏறத்தாழ 6,400 பேர்தான். அதற்கு மேல் போன எண் என்றால் 1874க்குப் பிறகு வந்தவர் என்று அர்த்தம்.

இந்த எண்களெல்லாம் கப்பல் பட்டியல் என்ற பெரிய பதிவேடுகளில் இருக்கின்றன. ஒரு வரியை உங்கள் கண் முன்னால் வைக்கிறேன். மாதிரிக்குத்தான் சொல்கிறேன், உண்மையான ஆள் அல்ல. எண். பெயர்: கோவிந்தன். தந்தை பெயர்: முனியன். வயது 22. ஆண். சாதி: பள்ளி (வன்னியருக்கு அந்தக் கால ஏடுகளில் எழுதிய பெயர்). ஜில்லா: சவுத் ஆற்காடு. தாலுகா: ட்ரினோமலி. கிராமம்: ஏதோ ஒரு பாளையம். உடல் அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு. அதற்கப்புறம் எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார், செத்தாரா, ஊர் திரும்பினாரா என்ற குறிப்பு.

இந்த வரியில் கோவெண்டர் எங்கே? இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இருக்காது. நம்மிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாதே. முனியன் மகன் கோவிந்தன், கோவிந்தன் மகன் சின்னசாமி, அவ்வளவுதான். இன்றும் நாம் அப்பா பெயரின் முதலெழுத்தைத்தானே முன்னால் போடுகிறோம்? ஆனால் நட்டாலில் பள்ளிக்கூடம், கடை உரிமம், நிலப் பத்திரம் என்று போகப் போக, ‘உன் குடும்பப் பெயர் என்ன’ என்று வெள்ளைக்கார அதிகாரி கேட்டுக்கொண்டே இருந்தான். எதையாவது சொல்லியாக வேண்டும். ஒருவர் அப்பா பெயரைச் சொன்னார். அப்படித்தான் முனுசாமி ‘மூன்சாமி’ ஆகி, குப்புசாமி ‘கூப்பூசாமி’ ஆகி, இன்று பரம்பரைப் பெயராக நிற்கின்றன. இன்னொருவர் சாதிப் பட்டத்தைச் சொன்னார். நாயுடு, பிள்ளை, முதலி, செட்டி, படையாட்சி, பத்தர் எல்லாம் அப்படி வந்தவை. கூடப் பிறந்த அண்ணன் தம்பிகளில் ஒருவர் வழி மூன்சாமி என்றும் இன்னொருவர் வழி கோவெண்டர் என்றும் போனது உண்டு. இரண்டு குடும்பமும் ஒரே டர்பனில் இருந்துகொண்டு, தாங்கள் பங்காளிகள் என்பதே தெரியாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைச் சேர்த்து வைத்தது பாட்டனின் எண்தான்.

தில்லையாடி வள்ளியம்மை நமக்கு எல்லோருக்கும் தெரியும். 1898இல் ஜோகானஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறை போய், 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் உயிர்விட்ட பெண். நமக்கு அவர் தில்லையாடி வள்ளியம்மை, பெற்றோரின் ஊர்ப்பெயரோடு. அங்கே அவர் பெயர் வள்ளியம்மா முனுசாமி முதலியார், அப்பா பெயரோடும் பட்டத்தோடும். ஒரே பெண்ணுக்கு, எந்தக் கரையில் நின்று கூப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. உங்கள் தோழியின் முன்னோருக்கும் இப்படித்தான். ஊரில் அவர் கோவிந்தனோ முருகனோ, பட்டியலில் ஒரு எண், பேரப் பிள்ளைகளுக்கு அவர் கோவெண்டர்.

சரி, கவுண்டர் எப்படிக் கோவெண்டர் ஆனது? ‘கோவிந்தன்’ என்பதிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோவிந்தனிலிருந்து வந்த ‘கோவிண்டன்’, ‘கோவிந்தசாமி’ எல்லாம் அங்கே தனியாகவே குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. அதே போல ‘கவுண்டன்’ என்பதிலிருந்து வந்த ‘கவுண்டென்’ என்ற பெயரும் நட்டாலில் இருக்கிறது. கவுண்டன், கவுண்டர் இரண்டும் நம் பேச்சில் பக்கத்தில் பக்கத்தில் வரும் சொற்கள், ஒன்று மரியாதை விகுதியோடு. ‘கவு’ என்பதை ஆங்கிலக் காதோடு கேட்பவன் ககரத்தைக் ‘கோ’ என்று எழுதி, வகரத்தைத் தனியே காட்டினால் கோவெண்டர்தான் வரும்.

நாயுடு அங்கே ‘நாய்டூ’ என்று இரட்டை ஓ போட்டு எழுதப்படுவதற்கும், படையாட்சி கடைசியில் இரட்டை ஈ வாங்குவதற்கும் காரணம் காலம்தான். அப்போது ஆங்கிலேயர்கள் நம் உகரத்தை இரட்டை ஓ-வாலும், ஈகாரத்தை இரட்டை ஈ-யாலும் எழுதினார்கள். 1870களில் வில்லியம் ஹண்டரின் எழுத்துமுறை இந்தியாவில் புகுந்து, இங்கே அந்த எழுத்துகள் மெல்ல மாறின. நட்டாலில் மாறவில்லை. ஒரு பெயரின் எழுத்தைப் பார்த்தே இது தோட்டக் காலத்துப் பெயர் என்று சொல்லிவிடலாம்.

இப்போது கொங்கு விஷயம். கோயம்புத்தூரிலிருந்து பார்த்தால் கவுண்டர் என்றால் கொங்கு வேளாளர் என்றுதான் தோன்றும், அது இயல்பு. ஆனால் திருவண்ணாமலை, விழுப்புரம், தருமபுரிப் பக்கம் வந்து கவுண்டர் என்று கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பிப் பார்ப்பவர்கள் வன்னியர்கள். அதே சமூகத்துக்குக் கடலூர்ப் பக்கம் படையாட்சி என்று பட்டம், செங்கல்பட்டுப் பக்கம் நாயக்கர். நட்டாலுக்கு ஆள் போன மாவட்டங்களில் வட ஆற்காடுதான் முன்னணி. அதோடு செங்கல்பட்டு, தென்னாற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை, தெலுங்குப் பக்கம் விசாகப்பட்டினம். நம் கண்ணில் கோவெண்டர், படையாட்சி, நாயக்கர் மூன்றும் மூன்று சாதியாகத் தெரிகின்றன. பல குடும்பங்களில் அவை ஒரே மக்களின் மூன்று வட்டாரப் பட்டங்கள்தான். பட்டியலில் ஜில்லா சேலம் என்று இருந்தால் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பழைய சேலத்துக்குள் நாமக்கல்லும் இருந்தது, தருமபுரியும் இருந்தது. அங்கே இரண்டு வகைக் கவுண்டர்களும் உண்டு.

சாதிப் பத்தியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அதில் ‘பள்ளி’ என்றோ ‘பறையர்’ என்றோ இருப்பதைப் பார்த்து, “எங்கள் பெயர் நாயுடு ஆயிற்றே, இது எங்கள் தாத்தா இல்லை” என்று ஒதுக்கிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அப்படி ஒதுக்கக் கூடாது. எழுத்தர் எழுதியது தவறாகவும் இருக்கலாம். முதல் கால ஏடுகளில் தமிழர் என்பதற்கு ‘மலபார்’, தெலுங்கர் என்பதற்கு ‘ஜென்டூ’ என்றுகூடச் சாதிப் பத்தியில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியது சரியாகவே இருந்தாலும், அக்கரைக்குப் போனவர் தன் பிள்ளைகளுக்கு வேறொரு பட்டத்தைச் சூட்டியிருக்கலாம். ஊரில் யார் எந்தப் பட்டம் போடலாம் என்று சொல்ல நாட்டாமை இருந்தார், தெரு இருந்தது, கிணறு இருந்தது. கரும்புக் காட்டில் அது எதுவும் இல்லை. ஒரு மனிதன் தன் பிள்ளைகள் தலைநிமிர்ந்து நிற்கட்டும் என்று ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தான் என்றால், அந்தப் பெயர் அவன் சம்பாதித்தது. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தேடுகிறவர் அந்தப் பெயரை ஊருக்குச் சான்றாக வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உங்கள் தோழியின் காகிதத்தில் இருக்கும் ‘ட்ரினோமலி’ பெரிய அதிர்ஷ்டம். அது திருவண்ணாமலை. ஆங்கிலேயர்கள் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். திருவண்ணாமலை தாலுகா 1911 வரை தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த வருஷம் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோதுதான் வட ஆற்காட்டுக்கு மாறியது. ஆகவே 1880களின் பட்டியலில் ‘சவுத் ஆற்காடு’ என்ற தலைப்பின் கீழ் தேடுங்கள். அதே நேரம் பக்கத்துப் போளூரும் ஆரணியும் அப்போதே வட ஆற்காடு. இன்று எல்லாம் ஒரே திருவண்ணாமலை மாவட்டம். பட்டியலில் வட ஆற்காடு என்று இருந்து ஊர் கிடைக்கவில்லை என்றால் ஆந்திரத்துச் சித்தூர்ப் பக்கமும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதுவும் அப்போது வட ஆற்காட்டில்தான் இருந்தது. இன்னொன்று, மரண அறிவிப்பில் பிறந்த ஊர் என்று பிள்ளைகள் சொன்னது பெரும்பாலும் தாலுகாவின் பெயராகத்தான் இருக்கும். டவுனுக்குள் போய்த் தேடிப் பயனில்லை. கிராமத்தின் பெயர் கப்பல் பட்டியலில்தான் கிடைக்கும்.

அந்தப் பட்டியல்களின் மூல ஏடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து கணினியில் ஏற்றிய தரவு குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்தில் கிடைக்கிறது. தரவில் பெயரைத் தேடும்போது எழுத்தை நம்ப வேண்டாம். முனியனை மூனியன், மூனீன், முன்னியன் என்று எப்படியும் எழுதியிருப்பார்கள். கோவிந்தன் என்ற பெயரில் மட்டும் நூற்றுக்கணக்கில் வரும். எண் இல்லாமல் அந்தக் கூட்டத்துக்குள் போனால் யாரோ ஒருவரைத் தாத்தா என்று கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம். இந்தத் தவறு நிறைய நடக்கிறது. அதன் மேல் ஒரு வம்ச மரமே வரைந்து சட்டம் போட்டு மாட்டிவிடுகிறார்கள்.

எண்ணைக் கண்டுபிடிக்க மரண அறிவிப்பை மறுபடி எடுங்கள். நட்டாலின் அந்தப் படிவத்தில் இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள், சொத்து எல்லாம் கேட்டிருப்பார்கள். பெயருக்குப் பக்கத்திலோ ஓரத்திலோ ஒரு எண் கிறுக்கியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இறந்தவரின் சொத்துக் கோப்பு இருக்கலாம், சின்னத் துண்டு நிலம் இருந்திருந்தால்கூடக் கோப்பு திறந்திருப்பார்கள். ஃபேமிலிசர்ச் என்ற வம்ச வரலாறு தேடும் இணையதளத்தில் இவற்றில் பல படங்களாகவே ஏற்றப்பட்டுள்ளன, காசு கேட்பதில்லை. அடுத்து கல்யாணப் பதிவு. இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரியிடம் பதிந்த கல்யாணங்களில் மாப்பிள்ளை, பெண் இருவரின் எண்ணும் இருக்கும். நட்டாலிலேயே பிறந்தவராக இருந்தால் பெற்றோரின் எண்கள் வரும். பாட்டனுக்குக் கிடைக்காவிட்டால் அவருடைய தம்பிக்கும் தங்கைக்கும் தேடுங்கள். கூடப் பிறந்தவர் காகிதம் ஒன்று போதும்.

பாட்டியையும் தேடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். குடும்பப் பெயரைத் தேடுகிறவர்கள் ஆண் வழியை மட்டும் பார்க்கிறார்கள். பெண்களுக்கும் தனி எண் உண்டு, தனி வரி உண்டு, அவர்களுடைய அப்பா பெயரும் ஊரும் உண்டு. 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதற்காகச் சென்னை டெப்போவிலேயே, அதாவது கப்பல் ஏறும் வரை ஆட்களைத் தங்க வைத்த முகாமிலேயே, ஜோடி சேர்த்து அனுப்பியதும் உண்டு. தனியாகக் கிளம்பி வந்த விதவைகளும் உண்டு. பஞ்ச காலத்தில் கைக்குழந்தையோடு தனியாகக் கடல் தாண்டிய ஒரு பெண்ணின் வரியை ஏட்டில் படிக்கும்போது கை நின்றுவிடும். அவர் பெயர் எந்தக் குடும்பப் பெயரிலும் தங்கவில்லை.

எவ்வளவு தேடியும் பட்டியலில் வரவில்லை என்றால் அவர் கூலியாக வராமல் சொந்தச் செலவில் வந்தவராக இருக்கலாம். வியாபாரிகள் அப்படி வந்தார்கள், அவர்களுக்கு எண் கிடையாது. சிலர் முதலில் மொரிஷியஸ் போய் அங்கிருந்து நட்டாலுக்கு மாறியவர்கள். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்து மறுபடி கப்பல் ஏறியவர்களுக்கு இரண்டு எண்கள் இருக்கும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதம் நின்ற இடத்திலிருந்து சாமி வழி காட்டும். தோழியின் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இப்போதே போன் போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குள் படைக்கும் சாமி எது என்று கேட்கச் சொல்லுங்கள். குலதெய்வம் என்று கேட்டால் சில பேருக்குப் புரியாது. எந்தச் சாமிக்குச் சேவல் அறுப்பார்கள், மொட்டை யாருக்குப் போடுவார்கள், படையலில் என்ன வைப்பார்கள் என்று கேட்க வேண்டும். ஒரு குடும்பத்தில் பாட்டி ‘பச்சம்மா, மன்னாரு சாமி’ என்றார். அதைச் சொன்ன நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. பச்சையம்மனும் மன்னார்சாமியும் எங்கள் ஆற்காட்டுப் பக்கத்துச் சாமிகள். படவேட்டு ரேணுகாம்பாள், மேல்மலையனூர் அங்காளம்மன் என்று எந்தப் பெயர் வந்தாலும் வட்டாரம் சுருங்கிவிடும். டர்பனில் இன்றும் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள், ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், தெருக்கூத்துக்கூட ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று வாய்க்கு வந்தபடி பெயர் மாறி அங்கே உயிரோடு இருக்கிறது. இவ்வளவும் வட, தென் ஆற்காட்டின் அச்சு. குடும்பப் பெயரைவிட இந்தக் கூழுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

கிராமத்தின் பெயர் கிடைத்த பிறகு, அது ‘புதூர்’, ‘பாளையம்’ மாதிரிப் பொதுப்பெயராக இருந்தால் அந்தத் தாலுகாவில் அதே பெயரில் எத்தனை ஊர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகள் உண்டு, ஊர்ப்பெயர்களின் அந்தக் கால எழுத்தை அதில் ஒப்பிடலாம். நிலமே இல்லாதவர்கள்தான் அதிகம் போனார்கள் என்பதால் பதிவேட்டில் முன்னோரின் பெயரை எதிர்பார்க்க வேண்டாம், ஊரை உறுதி செய்ய மட்டும் அது.

தோழி கிராமத்துக்குள் போகும்போது “நாங்கள் கோவெண்டர்” என்று தொடங்க வேண்டாம், யாருக்கும் புரியாது. “நாங்கள் எந்தச் சாதி” என்று கேட்கவும் வேண்டாம், அந்தக் கேள்வி ஊரையே இரண்டாகப் பிரித்து நிற்க வைக்கும். முனியன் மகன் இன்னார், இந்தச் சாமி கும்பிடுகிறவர், நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் கப்பலுக்குப் போய்த் திரும்பாதவர் என்று சொல்லி, அங்கே இருக்கும் கிழவிகளிடம் கேட்கட்டும். “நட்டாலுக்குப் போனவங்க” என்றால் தெரியாது, “கூலிக்குக் கப்பலேறிப் போனவங்க” என்றால் நினைவு வரும்.

மரண அறிவிப்பின் தெளிவான படத்தை, ஓரங்கள் வெட்டுப்படாமல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும், எண் பல சமயம் பின்னால்தான் இருக்கும். எண் தெரிந்துவிட்டால் கிராமத்தின் பெயரைப் படிக்க நான் கூட உட்காருகிறேன். திருவண்ணாமலைத் தாலுகா ஊர்ப்பெயர்களில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.